தேரிக்கம்மலுக்கு ஒரு மழை

செங்கான்விளை,
புரட்டாசி கடைசி.

அன்புள்ள பத்திரக்கனி மதினிக்கு சிவனணைந்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ராசகனியும் நலம். உங்கள் நலமும் பேரப்பிள்ளைகள் நலமும் அறிய ஆவல்.

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். தேரிக்கம்மல் மறுபடியும் பூத்தது உண்மையா என்பது ஒன்று. உண்மையென்றால் அடுத்து எப்போது பூக்கும், கனடாவிலிருந்து புறப்பட எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கலாம் என்பது இன்னொன்று. உங்கள் தங்கையிடம் போனில் கேட்டதற்கு, "நேர்ல வா, சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாளாம். தம்பி சுயம்புவிடம் கேட்டதற்கு அவன் சிரித்தானாம். போனில் பேசுவது நாலு பேர் காதில் விழும் என்று ராசகனிக்குப் பயம். சுயம்பு சிரித்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. முன்னே நடந்ததை முன்னேயும் பின்னே நடந்ததைப் பின்னேயும் எழுதினால்தான் அது விளங்கும். மழை வாரியத்தில் முறை எழுத்தனாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு வேறு மாதிரி எழுதவும் வராது.

உங்கள் கல்யாணத்திலிருந்து தொடங்குகிறேன். அன்று நான் உங்கள் வீட்டு மாப்பிள்ளை இல்லை. பந்தியில் ரசவாளி தூக்கிய பக்கத்துத் தெருப் பையன். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் தங்கக் கம்மலில் ஒன்று காணாமல் போயிற்று. நகை டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் ராசகனி. பந்தலுக்கு வெளியே செம்மணலில் அது விழுந்துவிட்டது. தேரி மணலில் விழுந்த பொருள் திரும்பக் கிடைத்ததாக யாரும் சொன்னதில்லை. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி, "பொண்ணுக்கு ஒத்தக் காதுதானா?" என்று கேட்டாள். உங்கள் அம்மா அகப்பையோடு ராசகனியைத் தேடத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் சின்னப் பையனாக இருந்த சுயம்பு, டவுசர்ப் பை இரண்டும் புடைக்க ஓடிவந்தான். பை நிறையத் தேரிக்கம்மல்.

பூவின் உருவம் உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கும் ஒருமுறை பார்த்த மாதிரி இருக்கும். கட்டைவிரல் நகத்தின் அகலம். நடுவில் அடர்ந்த மஞ்சள் பொட்டு. சுற்றிலும் தாள் போல மொடமொடக்கும் வெளிர்மஞ்சள் இதழ். பறித்துப் பல நாள் ஆனாலும் வாடாது. காது குத்திய பிள்ளைகளுக்குத் துளை தூர்ந்துபோகாமல் இருக்க அதன் காம்பைத்தான் நம் ஊரில் செருகி வைப்பார்கள். அன்றைக்கு நீங்கள் மிச்சமிருந்த தங்கத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு காதிலும் பூவைச் செருகிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தீர்கள். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். விமானம் ஏறும்போதும் அது உங்கள் காதில் இருந்தது என்று ராசகனி சொல்வாள்.

அந்தப் பூ அந்த வாரம் பூத்ததற்குக் காரணம் ஒரு மழை. அதையும் ஞாபகப்படுத்த வேண்டும். மூன்று வருஷமாகப் பொட்டுத் தண்ணீர் விழாமல் கிடந்த தேரி. உங்கள் அப்பா கல்யாணப் பத்திரிகை வைக்க உடன்குடிப் பக்கம் போயிருந்தார். மத்தியானம் திடீரென்று மணல் வாசம் வந்தது, பிறகு பனையோலைகளில் சத்தம் வந்தது, பிறகுதான் மழையே வந்தது. அவர் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தார். பத்திரிகைகளில் தடவிய மஞ்சள் கரைந்து வேட்டியெல்லாம் ஒழுகிற்று. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், முற்றத்தில் நின்று வாயைத் திறந்து மழையைக் குடித்தார். யாரும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் வந்த மழை. நான் பார்த்ததில் அதுதான் கடைசி.

நீங்கள் போன மறுவருஷம் மழை வாரியம் வந்தது. மணப்பாட்டுக் கடலுக்கு அப்பால் மிதக்கும் நிலையங்களை நிறுத்தினார்கள். கடலிலிருந்து எழும் ஈரத்துக்கு மின்னூட்டி, ஓரிடத்தில் திரட்டி, மேகமாக்கி, ஆடு ஓட்டி வருவது போல ஓட்டிவந்து சொன்ன இடத்தில் இறக்கினார்கள். ஒரு மேகம்கூடத் தன் இஷ்டத்துக்குக் கரையேற முடியாது. நிலங்களை வட்டம் வட்டமாகப் பிரித்து, வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுவது போல வட்டத்துக்கு வட்டம் மழை முறை வைத்தார்கள். எந்த வட்டத்துக்கு எந்த நாள் என்று எழுதுவது என் வேலை. பெய்வதற்கு முன் சங்கு ஊதும். காயப்போட்ட துணியையும் வற்றலையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

வாய்க்கால் முறையில் என்னென்ன பழக்கம் உண்டோ எல்லாம் மழைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. முறையை மாற்றிக்கொள்ளலாம். ஒரு தடவை கைமாற்றாகக் கொடுத்து வாங்கலாம். விளைச்சலில் பங்கு பேசி வேறொருவருக்கு விடலாம். சங்கு ஊதும்வரை முறைக்காரன் மனம் மாறலாம். மெஞ்ஞானபுரத்தில் ஒரு சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசையில் இரண்டு மழை சேர்த்துக் கேட்டதால் நின்றுபோயிற்று.

தேரி பச்சையானது. நல்லதை நல்லது என்றுதான் எழுத வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா நடந்த தூரத்தை இன்று ஒருத்தியும் நடப்பதில்லை. காற்றுக்காலத்தில் மணல் வந்து வாசலை மூடுவதில்லை. எங்கே பார்த்தாலும் வாழை. தேரிக்கம்மல் மட்டும் முதல் வருஷத்து முறை மழைகளில் கொள்ளையாகப் பூத்தது, அடுத்த வருஷம் குறைந்தது, பிறகு ஓரிடம் ஈரிடம் என்றாகி இல்லாமலே போனது. யாரும் கவனிக்கவில்லை. காது குத்திய பிள்ளைகளுக்கு வேப்பங்குச்சியைச் செருகினார்கள்.

இந்த நிலையில்தான் ஃபரீதா வந்தார். காயல்பட்டினத்துப் பெண், தாவரங்களைப் பற்றிப் படித்து அதிலேயே டாக்டர் பட்டம் வாங்கியவர். சூரியகாந்தி, செவ்வந்தி வகையறாவில் பாலைநிலத்துக்கென்று பிறந்த பூ இது, உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்றார். உங்கள் அப்பாவின் கிழக்குத் தேரி ஒன்றுதான் கடைசியாக முறைக்குள் வந்த வட்டம். அதன் மணலுக்குள் இன்னும் உயிரோடு விதை கிடக்கலாம் என்பது அவர் கணக்கு. நிலம் சுயம்பு பேரில் இருந்தது. எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பேச்சு நடந்தது.

"விதை ஈரத்துல அழுகிடும். சூட்டுல கெடந்தாத்தான் உசுரு இருக்கும். அந்த ஒரு வட்டத்துக்கு மட்டும் முறை எழுதாம விட்டா, பூ வெளிய வந்துரும்" என்றார் ஃபரீதா.

"எத்தனை வருசம்?" என்றான் சுயம்பு.

"மூணு. மிஞ்சிப்போனா நாலு."

அவன் ராசகனியைப் பார்த்தான். "நீ என்ன சொல்லுத சின்னக்கா?"

"அந்தப் பூ இல்லேன்னா அன்னைக்கு அம்மை என் முதுகுத் தோலை உரிச்சிருப்பா. நீ பறிச்சிட்டு வந்த பூதானலே. நாலு வருசம் பொறுக்க மாட்டியா?"

"ஒனக்காகப் பொறுக்கேன். பூவுக்காக இல்ல."

கிழக்குத் தேரி 'வெயில் காவல்' நிலம் ஆயிற்று. அந்த வட்டத்துக்கு நேரே முறை எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது. தினமும் அங்கே போய்ப் பார்த்து வர ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ராசகனிக்கு அந்த வேலை கிடைத்தது. வெயில் காவலர் என்று சட்டைப்பையில் குத்த ஒரு வில்லைகூடக் கொடுத்தார்கள்.

நாலு வருஷம் பதினொன்று ஆனது. ஒவ்வொரு தடவையும் ஃபரீதா வந்து, இன்னும் ஒரே வருஷம் என்று சொல்லிவிட்டுப் போவார். ராசகனி முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மணலில் தவழ்ந்து தேடுவாள். உடைமரங்களும் பட்டுப்போன அந்த நிலத்தில் ஒரு பச்சை இலை வந்ததில்லை. சுயம்புவின் கிணறு வற்றியது. சுற்றிலும் இருந்தவர்கள் குலை குலையாக வெட்டி ஏற்றினார்கள்; அவன் அவர்களுடைய தோட்டங்களுக்கு டிராக்டர் ஓட்டப் போனான். அவன் மனைவி தங்கபுஷ்பம் தூத்துக்குடியில் மீன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, வாரக்கடைசியில் மட்டும் ஊருக்கு வந்துபோனாள்.

அந்தப் பதினோரு வருஷத்தின் நடுவில் ஒரு நாள் சுயம்பு என்னைக் கூப்பிட்டான். "அத்தான், வாங்க, ஒரு வேடிக்க காட்டுதேன்."

கிழக்குத் தேரியின் வரப்புக்குக் கூட்டிப்போனான். அடுத்த வட்டத்தில் முறை மழை பெய்துகொண்டிருந்தது. கத்தியால் நறுக்கினாற்போல அது வரப்போடு நின்றது. சுயம்பு தன் நிலத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினான். கையில் தண்ணீர் வழிந்தது. காலைச் சுற்றிப் புழுதி.

"கை குளிருது, காலு பொசுக்குது. நாலு விரக்கட தள்ளி எழுத ஒங்களுக்கு மனசு வரலியா அத்தான்?"

"வாரியம் போட்ட கோடு மாப்ள. நான் எழுதுறவன்தான்."

"நீங்க எழுதுறவரு. சின்னக்கா தவழுறவ. நான் வேகுறவன். நல்ல குடும்பம்." பிறகு உள்ளே தவழ்ந்துகொண்டிருந்த அவளைப் பார்த்துக் கத்தினான். "ஏ வெயில் மகாராணி, அன்னைக்குத் தொலைச்ச கம்மலு கெடச்சிட்டா?"

ராசகனி தலையைத் தூக்கவில்லை. "கெடச்சா ஒனக்கு மூக்குத்தி அடிச்சுத் தாரேன், போலே."

அதற்குப் பிறகு பல வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் மகள் சடங்குக்கு அழைப்பு வந்தபோது அதில் என் பேர் மட்டும் இருந்தது. நான் போகவில்லை. ராசகனி அன்று முழுக்க வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்தாள்.

போன வருஷம் ஆடியில் ஃபரீதா கடைசியாக வந்தார். இந்தத் தடவை இன்னும் ஒரு வருஷம் என்று சொல்லவில்லை.

"எழுதிட்டேன் ராசகனியக்கா. அற்றுப்போன இனம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

ராசகனி சட்டை வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அப்ப எந்தம்பிக்கு மழை வந்துரும்."

"வந்துரும். ஒரு விஷயம் மட்டும் இருக்கு. என்னைக்காவது திரும்பப் பூத்துச்சுன்னு யாராவது எழுதிக் குடுத்தா, நிலம் மறுபடி வெயில் காவலுக்குப் போயிரும். அப்புறம் வருசக்கணக்கு கிடையாது, அப்படியே நிரந்தரம்."

"இனி எங்க பூக்க?" என்றாள் ராசகனி.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் எழுதிய கடைசி முறைகளில் கிழக்குத் தேரியும் ஒன்று. முதல் மழையைப் பார்க்க சுயம்பு ஊரையே கூப்பிட்டிருந்தான். நான் போனேன். சங்கு ஊதியதும் மற்றவர்கள் குடை விரித்தார்கள். அவன் நடு நிலத்தில் போய் நின்றான். உங்கள் அப்பாவைப் போலவே வாயைத் திறந்துகொண்டு நின்றான் என்பதை நான் கவனித்தேன், அவனுக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்தபோது ராசகனி மாவாட்டிக்கொண்டிருந்தாள். மாவு ஆட்டி முடிந்து வெகுநேரம் ஆகியும் கிரைண்டரை நிறுத்தாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே ஊதிய சங்கு காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான் ஓடவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சுயம்பு கடனுக்கு வாழைக்கன்று வாங்கி நட்டான். தங்கபுஷ்பம் கம்பெனியில் சொல்லிவிட்டு வரத் தயாரானாள். சில வாரம் கழித்து ஒரு காலையில் அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"காப்பி இருக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

ராசகனி உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவன் சட்டைப் பையில் கையை விட்டு, எதையோ எடுத்துத் தம்ளர் பக்கத்தில் வைத்தான்.

இரண்டு பூ. நடுவில் அடர்மஞ்சள்.

"இதானா பாரு" என்றான்.

அவள் தொடவில்லை. குனிந்து பார்த்தாள். "எங்கலே?"

"எங்க வாழைக்கு நடுவுலதான். மஞ்சளா அப்பிக் கெடக்கு."

"எப்பப் பாத்த?"

"நேத்து. உழுதிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துரலாம்னு டிராக்டர்ல ஏறி உக்காந்தேன். சனியன் ஒரே திருப்புல கெளம்பிட்டு. கெளம்பாம இருந்திருந்தாலாவது சாக்கு கெடச்சிருக்கும். எறங்கி வீட்டுக்குப் போயிட்டேன்."

மூன்று பேரும் கிழக்குத் தேரிக்குப் போனோம். மதினி, நான் அதை விவரிக்கப் போவதில்லை. உங்கள் கல்யாணத்து மாதம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. சிவந்த மணல், அதன்மேல் தட்டான் பட்டறையைக் கவிழ்த்துக் கொட்டினாற்போலக் கம்மல். பதினோரு வருஷம் தவழ்ந்தவள் அங்கே தவழவில்லை. நின்றுகொண்டே இருந்தாள், எங்கே கால் வைப்பது என்று தெரியாமல்.

ஃபரீதாவுக்குச் சொல்லியனுப்பினோம். மறுநாள் வந்தார். மணலில் உட்கார்ந்து ஒரு பூவைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தார். தங்கபுஷ்பமும் லீவு போட்டு வந்திருந்தாள்.

"இது பாக்கத்தான் ஒத்தப் பூ. உண்மையில நூறு குட்டிப் பூ சேர்ந்த கூட்டம். நடுவுல உள்ளதோட விதைக்குப் பஞ்சு இருக்கும், காத்துல பறந்து போயி முதல் ஈரத்துலயே முளைச்சிரும். ஓரத்து விதைக்குப் பஞ்சு கிடையாது. தாய்ச்செடி காலடியிலயே விழுந்து, மண்ணுக்குள்ள வருசக்கணக்குல காத்துக்கெடக்கும்."

"அப்ப பெரியக்கா நடுவுல உள்ளவ, பறந்துட்டா. சின்னக்கா ஓரம்" என்றான் சுயம்பு.

"நீ யாருலே?" என்றாள் ராசகனி. இத்தனை வருஷம் அவனிடம் பேசாததெல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது.

"நான் மண்ணு."

ஃபரீதா சிரிக்கவில்லை. "காத்துக்கெடக்குற விதைக்கும் கடைசியில ஒரு மழை வேணும். இது எனக்குத் தெரியாதா? பாடப்புத்தகத்துலயே இருக்கு. ஆனா மேகத்தையெல்லாம் கடல்லயே பிடிச்சு முறைக்கு எழுதிட்டோம், இனிமே தேரிக்குத் தானா ஒரு மழை வர வழியே இல்லங்கிறது என் புத்தியில ஏறல. நாம வெயிலைக் காத்தாப் போதும், மழை என்னைக்காவது தானா வரும்னு இருந்துட்டேன். எங்க வாப்பா காலத்து வானம் இன்னும் மேலே இருக்குன்னு நெனப்பு."

எனக்கும் அதே நினைப்புதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு மேகத்துக்கும் விலாசம் எழுதியவன் நான். அந்த வட்டத்துக்கு நேரே வெற்றிடம் விட்டதும் நான். வெற்றிடம் என்றால் மழையே இல்லை என்பது எழுதியவனுக்கே உறைக்கவில்லை. வானம் எப்போதும் போலக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

"இப்ப எழுதிக் குடுத்தா?" என்று ராசகனி கேட்டாள்.

"வாரியத்துக்கு ரெண்டு பொத்தான்தான் தெரியும். ஒண்ணு முறை மழை, இன்னொண்ணு வெயில் காவல். காவலுக்குப் போட்டா இனி மழையே கிடையாது, பூவும் கிடையாது."

"நாலு வருசத்துக்கு ஒரு மழைன்னு கேட்டா?" என்றேன் நான்.

"தேதி கேப்பாங்க. தேதி வச்சுப் பெஞ்சாலும் தப்புதான் அண்ணாச்சி. மழை எப்ப வரும்னு தெரியாததுனாலதான் இந்தப் பூ ரெண்டு விதை வச்சிருக்கு. முறை வச்சுப் பெஞ்சா, காத்திருக்கிற விதைக்கு வேலை இல்லாமப் போயிரும். கொஞ்சங்கொஞ்சமா அதைப் போடுறதையே செடி விட்டுரும். அப்புறம் என்னைக்காவது ஒரு முறை தவறுனாக்கூட மொத்தமும் போச்சு."

சுயம்பு வாழைக்கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எழுதிக் குடுங்க" என்றான். "வாரியத்துக்காரன் கண்டுபிடிச்சு எழுதுறதவிட நாமளே எழுதிருவோம். கன்னைப் பிடுங்கிருதேன்."

"எழுதாதீங்க" என்றாள் ராசகனி. "எலே, நீ உழுது போடு. பதினோரு வருசம் நீ வெந்தது போதும். நான் பாத்துட்டேன்லா? பாத்தாச்சு. போதும்."

"நீ பாத்துட்டா ஆச்சா? நான் டிராக்டர்ல இருந்து எறங்குனது எதுக்கு?"

"ஒன்னை யாருலே எறங்கச் சொன்னா?"

ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து அவர்கள் போட்ட சண்டை, விட்டுக்கொடுக்காமல் போட்ட சண்டையைவிடப் பெரிதாயிற்று. ஃபரீதா என்னைப் பார்த்தார். நான் தங்கபுஷ்பத்தைப் பார்த்தேன். வாழைக்கன்றின் தூரில் இருந்த களையைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"நம்ம மழை நம்ம நெலத்துலதான் பெய்யணும்னு சட்டமா என்ன?"

சுயம்பு திரும்பினான். "என்ன சொல்லுத?"

"முறையப் பங்குக்கு விடுறாங்கல்லா ஊருல. நம்ம முறைய மேலத்தோட்டத்துக்காரங்க நெலத்துல பெய்ய விடுங்க. விளையுறதுல பங்கு வாங்கிக்கிடுவோம். கன்னையும் அங்கயே மாத்தி நட்டுரலாம். இந்த நெலம் பாட்டுக்குக் காயட்டும். நமக்கு எப்பத் தோணுதோ அப்ப ஒரு மழைய இங்கன எறக்கிக்கிடுவோம். மீன் நாத்தத்துல இருந்து நானும் கரையேறிருவேன்." பிறகு என்னிடம், "அண்ணாச்சி, அப்படி எழுத வழி இருக்குல்லா?" என்றாள்.

வழி இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த வழி. ஊரில் பாதிப்பேர் செய்வது. நிலம் முறையில் இருக்கும்; காவல் கிடையாது, வில்லை கிடையாது. முறையை யாருக்கு விடுகிறான், எதற்காகத் தன் நிலத்தைக் காயப்போடுகிறான் என்று முறைக்காரனை எவரும் கேட்க முடியாது. சங்கு ஊதும்வரை அவன் மனம் மாறலாம்.

ஃபரீதாவுக்குத்தான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அற்றுப்போனதென்று எழுதியவர் அவர். எழுதியதை அழித்தால் பூ போய்விடும். அழிக்காவிட்டால், ஓர் இனத்தைக் கையில் வைத்திருந்து தொலைத்தவர் என்ற பேர் எல்லாப் புத்தகத்திலும் நின்றுவிடும். உள்ளங்கையில் இருந்த விதைகளை ஊதாமல், பறித்த இடத்திலேயே கவிழ்த்துக் கொட்டினார்.

"எம்பேருல ஒரு பூ செத்ததாவே இருக்கட்டும்" என்று எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "உசுரோட இருந்தாச் சரி."

இப்போது நிலைமை இது. வாரியத்தின் புத்தகப்படி தேரிக்கம்மல் என்று ஒரு பூ உலகத்தில் இல்லை. சுயம்புவின் மழை மேலத்தோட்டத்தில் பெய்கிறது. தங்கபுஷ்பம் ஊருக்கே வந்துவிட்டாள். கிழக்குத் தேரி பழையபடி காய்கிறது. வெறுங்காலோடு நடந்தால் சுடுகிறது. ராசகனி மத்தியானம் ஆனால் அங்கே போய்ப் பனை நிழலில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். வேலை இல்லை, சம்பளம் இல்லை. தம்பி அங்கே வந்தால் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் திட்டு.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன். இரண்டாவது கேள்வியைச் சுயம்புவிடம் கொண்டுபோனேன். பெரியக்கா டிக்கெட் எடுக்க வேண்டும், எப்போது மழையை இறக்கப் போகிறாய், எனக்கு மட்டும் சொல் என்றேன்.

"எனக்கே தெரியாது அத்தான். தெரிஞ்சு வச்சுக்கிட்டா அது முறையாயிரும்லா?" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்பா மாதிரி வாயத் தொறந்துட்டு நிக்கணும் போல ஒரு நாளு வரும். அன்னைக்கு."

ஆகையால் மதினி, தேதி எழுத என்னால் முடியவில்லை. வேலையில் இருந்த காலமெல்லாம் தேதி எழுதியவன், இந்த இடத்தை வெற்றிடமாக விடுகிறேன். இந்தத் தடவை வெற்றிடத்துக்குள் மழை இருக்கிறது. உங்களுக்கு எப்போது வரத் தோன்றுகிறதோ அந்த நாளுக்கு டிக்கெட் எடுங்கள். பூத்திருந்தால் காதில் செருகிக்கொள்ளலாம். பூக்காவிட்டால் வெறும் மணல்தான் இருக்கும்; அதற்குக் கீழே அது இருக்கும்.

குடை கொண்டுவர வேண்டாம் என்று ராசகனி எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
சிவனணைந்தான்.